வேலை மாற்றமும் கான்ட்ராக்ட் வேலையும்: கூட்டு வீட்டுக்கடனில் வங்கி எதைப் பார்க்கிறது?

வீட்டுக்கடன் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் காதில் விழும். "ரெண்டு பேர்ல ஒருத்தர் பெர்மனென்ட்டா இருந்தா போதும், லோன் வந்துடும்" என்பது ஒன்று. "கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு எந்த பேங்க்கும் தராது" என்பது இன்னொன்று. அலுவலக கேன்டீனிலும் விசேஷ வீட்டுப் பந்தியிலும் அடித்துச் சொல்லப்படுகிற இந்த இரண்டுமே பாதி உண்மைதான். அந்தப் பாதியை நம்பி பில்டரிடம் அட்வான்ஸ் கட்டிவிட்டு, பிறகு வங்கி சொல்லும் தொகையைக் கேட்டுத் திகைத்து நிற்கிற குடும்பங்கள் ஏராளம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய், ஒருவர் வேலை மாறும் நேரத்திலோ கான்ட்ராக்டில் இருக்கும் நேரத்திலோ சேர்ந்து கடன் கேட்டால், உள்ளே கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை இந்தியாவில் நடக்கும் முறைப்படி, முதல் வீடு வாங்குகிறவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

சீட்டுப் பிடிப்பவர் கேட்கும் கேள்வி

2 லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 மாதம், மாதம் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதமே ஒருவர் ஏலம் கேட்டுச் சீட்டை எடுத்துவிட்டார். பணம் கைக்கு வந்தாயிற்று. ஆனால் இன்னும் 17 தவணை பாக்கி. சீட்டு நடத்துபவர் இப்போதுதான் ஜாமீன் கேட்பார். "இந்த மாசம் எவ்வளவு சம்பாதிச்சே?" என்பதைவிட, "மீதி 17 மாசமும் உன்கிட்டேருந்து பணம் வருமா?" என்பதுதான் அவருக்குக் கவலை. ஒரே மாதத்தில் ஐம்பதாயிரம் பார்த்த புரோக்கரைவிட, இருபத்தையாயிரம் சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு அவர் மறுபேச்சில்லாமல் கொடுப்பார்.

இதே சீட்டை இரண்டு பேர் ஆளுக்குப் பாதி என்று சேர்ந்து எடுத்தால்? ஒருவர் நிறுத்திவிட்டால் சீட்டுக்காரர் இன்னொருவரிடம் 5,000 கேட்கமாட்டார். முழு 10,000-ஐயும் கேட்பார். உங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள் என்பது அவருக்குத் தேவையில்லாத கதை.

வங்கிக் கடனும் இந்த அடிப்படையில்தான் ஓடுகிறது. 17 மாதத்துக்குப் பதில் 240 மாதம், ஜாமீனுக்குப் பதில் வீட்டின் பத்திரம், அவ்வளவுதான் வேறுபாடு. 240 மாதம் பணம் வரும் என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால் இதுவரை தடையில்லாமல் வந்ததைக் காட்டச் சொல்கிறார்கள். வேலை மாற்றமும் கான்ட்ராக்ட்டும் தொடுவது சரியாக இந்த இடத்தை. தொகை கூடியிருக்கலாம், ஆனால் தொடர்ச்சியைக் காட்டும் காகிதம் அங்கே அறுந்துவிடுகிறது.

எதில் கூட்டு?

கடன் விண்ணப்பத்தில் உங்களோடு கையெழுத்துப் போடுகிறவர் இணை விண்ணப்பதாரர். பத்திரத்தில் உங்களோடு பெயர் இருப்பவர் இணை உரிமையாளர். இரண்டும் வெவ்வேறு. வீட்டில் பங்கு இல்லாமலேயே ஒருவர் கடனில் இணை விண்ணப்பதாரராக இருக்கலாம். ஆனால் பத்திரத்தில் பெயர் வருகிற எல்லாரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வங்கிகளில் பொதுவான நடைமுறை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதுதான் ஒரு சிக்கலைக் கொண்டுவரப்போகிறது.

கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் முழுக் கடனும் பொறுப்பு. "என் பங்கு 40 சதவீதம்தான்" என்ற வாதம் வங்கியில் எடுபடாது. கடன் தகவல் அறிக்கையிலும் இருவர் பெயரிலும் முழுத் தொகையே ஏறும். கடன் தகவல் அறிக்கை என்பது நீங்கள் வாங்கிய கடன்கள், கட்டிய தவணைகள், தவறிய தேதிகள் எல்லாம் பதிவாகியிருக்கும் வரலாறு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இதை இந்தியாவில் வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். 300-லிருந்து 900 வரை போகும் மதிப்பெண்ணில் 750-க்கு மேல் இருந்தால் பொதுவாகப் பேச்சு சுலபம். கூட்டு விண்ணப்பத்தில் இருவருடைய அறிக்கையையும் பார்ப்பார்கள். ஒருவருடையது நன்றாக இருப்பதால் மற்றவருடைய தவறிய கிரெடிட் கார்டு பாக்கி மறைந்துவிடாது.

வருமானத்தைத் தள்ளுவார்கள், கடனைத் தள்ளமாட்டார்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கையில் வரும் மாதச் சம்பளத்தில் எவ்வளவு சதவீதம் எல்லாக் கடன் தவணைகளுக்குமாகச் சேர்த்துப் போகலாம் என்பதற்கு வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கும். எஃப்ஓஐஆர் என்று வங்கிக்காரர்கள் சொல்வது இதைத்தான். வங்கிக்கு வங்கி, வருமானத்துக்கு வருமானம் இது மாறும். கணக்குக்கு வசதியாக 50 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம்.

மேடவாக்கம் பக்கம் 70 லட்ச ரூபாய் ஃபிளாட் பார்த்திருக்கும் ஒரு தம்பதி. மனைவிக்குத் தனியார் மருத்துவமனையில் நிரந்தர வேலை, கையில் 70,000. கணவர் ஐடி நிறுவனம் ஒன்றில் கான்ட்ராக்ட், கையில் 60,000. கணவர் பெயரில் ஒரு கார் கடன், மாதம் 9,000.

இருவர் வருமானமும் கணக்கில் ஏறினால்: மொத்தம் 1,30,000. அதில் பாதி 65,000. கார் தவணை 9,000 போக மீதி 56,000. வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்குத் தவணை சுமார் 868 ரூபாய். அப்படியானால் சுமார் 64 லட்சம் வரை கடன் தாங்கும்.

இப்போது கணவரின் கான்ட்ராக்ட் வருமானத்தைச் சேர்க்க முடியாது என்று வங்கி சொல்லிவிடுகிறது. பலரும் மனதில் போடும் கணக்கு: "சரி, மனைவி சம்பளத்துக்கு எவ்வளவோ அவ்வளவு." 70,000-இல் பாதி 35,000, அதற்கு சுமார் 40 லட்சம். ஆனால் வங்கி போடும் கணக்கு வேறு. பத்திரத்தில் கணவர் பெயரும் இருக்கிறது. ஆகவே அவர் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டால் அவருடைய கார் கடனும் கணக்கில் வரும். 35,000-இல் 9,000 போய் 26,000. கிடைப்பது சுமார் 30 லட்சம்.

64 எங்கே, 30 எங்கே! "ஒருத்தர் பெர்மனென்ட்டா இருந்தா போதும்" என்ற பேச்சு சறுக்குவது இங்கேதான். கடன் கிடைக்கும், பொய்யில்லை; எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான் அந்தப் பேச்சு சொல்வதில்லை. வருமானம் கணக்கில் சேராமல், கடன் மட்டும் சேர்கிற நிலை இது.

இதற்கு மேல் இன்னொரு வரம்பும் இருக்கிறது. வீட்டின் மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் தரலாம் என்பதை ரிசர்வ் வங்கி நிர்ணயித்திருக்கிறது. 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு 90 சதவீதம், 30-லிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். நம் தம்பதிக்கு 70 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 56 லட்சம்தான் உச்சம். வருமானக் கணக்கு 64 லட்சம் என்று சொன்னாலும் 56-க்கு மேல் வராது. கைக்காசு 14 லட்சமும் பத்திரச் செலவும் இருந்தால் போதும் என்று திட்டமிட்டிருப்பார்கள். கடன் 30 லட்சமாகச் சுருங்கினால் கைக்காசு 40 லட்சம் வேண்டும். அட்வான்ஸ் கட்டியபின் இது தெரிய வந்தால் நகையும் ஊர் நிலமும்தான் பேச்சில் அடிபடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வங்கி இருவர் வருமானத்தையும் தனித்தனியாக எடைபோட்டுத்தான் கூட்டுகிறது. எடையில் நிற்காத வருமானம் வெளியே போகும். இருவரின் கடன்களும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

வேலை மாறினால் என்ன ஆகும்?

சம்பளக்காரரிடம் வழக்கமாகக் கேட்பவை: கடைசி 3 மாத பேஸ்லிப், 6 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், 2 ஆண்டு ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்று). இவற்றோடு இப்போது பி.எஃப் பாஸ்புக்கையும் பார்க்கிறார்கள். பேஸ்லிப்பைப் போலியாகத் தயாரிக்கலாம், பி.எஃப் பாஸ்புக்கில் எந்த நிறுவனம் எந்த மாதம் எவ்வளவு கட்டியது என்று யூஏஎன் எனும், வேலை மாறினாலும் மாறாத பி.எஃப் எண்ணுக்குக் கீழ் வரிசையாக நிற்கும். முன்பு வேலை பார்த்த நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பதுபோல் அங்கே தோன்றும். உடனே கேள்வி வரும், ஃபைல் நிற்கும். வேலையை விட்டு இரண்டு மாதம் ஆனபின் இ.பி.எஃப்.ஓ தளத்தில் நாமே விலகிய தேதியைப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. வீடு தேடத் தொடங்கும் வாரமே இதைச் சரிபார்ப்பது நல்லது.

வேலை மாறினால் வங்கி பயப்படுவதற்கு எளிய காரணம் உண்டு. புது இடத்தில் புரொபேஷன் ஓடும். அந்தக் காலத்தில் நிறுவனம் குறுகிய நோட்டீஸில் வேலையைவிட்டு நீக்கலாம். ஆகவே மொத்த அனுபவம் 2 ஆண்டாவது இருக்கவேண்டும், இப்போதைய இடத்தில் சில மாதங்களாவது ஆகியிருக்கவேண்டும் என்று பல வங்கிகள் விதி வைத்திருக்கின்றன. சில வங்கிகளில் வேலை உறுதியான கடிதம் வேண்டும். சில இடங்களில் ஒரு மாதச் சம்பளம் கணக்கில் ஏறினாலே போதும், முந்தைய அனுபவம் இடைவெளியில்லாமல் அதே துறையில் இருக்கவேண்டும். வெறும் ஆஃபர் லெட்டரை வைத்து வருமானத்தைக் கணக்கில் சேர்ப்பது அரிது.

"சம்பளம் கூடியிருக்கே, கடனும் கூடும்தானே?" என்று கேட்பவர்களுக்கு: கூடலாம், ஆனால் சி.டி.சி-யை, அதாவது ஆஃபரில் போட்டிருக்கும் மொத்த ஆண்டுத் தொகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 12 லட்சத்திலிருந்து 16 லட்சத்துக்குப் போனவரின் ஆஃபரில் 3 லட்சம் வேரியபிள் பே (வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதி), ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ் என்று இருந்தால், நிலையான சம்பளம் பழைய அளவிலேயே நிற்கிறது. ஜாயினிங் போனஸை வங்கி கணக்கில் எடுக்காது. வேரியபிளையும் ஓராண்டாவது வந்த வரலாறு இருந்தால்தான், அதுவும் சராசரியில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். பழைய வேலையில் இரண்டு ஆண்டு இன்சென்டிவ் வாங்கிய வரலாறு இருந்தவர், புது வேலைக்குப் போனதால் அதையும் இழக்கக்கூடும்.

மாற்றம் எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து விளைவும் மாறும்.

ஃபைல் லாகின் ஆவதற்கு முன்பே, அதாவது விண்ணப்பம் வங்கியில் பதிவாகும் முன்பே, மாறிவிட்டால் நிலைமை எளிது. எந்த வங்கி எத்தனை மாதம் கேட்கிறது என்று விசாரித்து, காத்திருக்கலாம் அல்லது ஒத்துவரும் வங்கிக்குப் போகலாம். இந்தக் கட்டத்தில் ஐந்தாறு வங்கிகளில் ஒரே சமயம் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் தகவல் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும்.

லாகின் ஆகி, சாங்ஷன், அதாவது கடனுக்கான ஒப்புதல், வருவதற்குள் மாறினால் சரிபார்ப்பில் சிக்கும். வங்கியின் ஆள் உங்கள் அலுவலக எச்.ஆருக்கு மெயில் அனுப்புவார் அல்லது போன் செய்வார். இந்தப் பெயரில் ஊழியர் இருக்கிறாரா, எந்தத் தேதியிலிருந்து, என்ன பதவி என்று கேட்டுவிட்டு, நோட்டீஸ் பீரியடில் இருக்கிறாரா என்றும் கேட்பது உண்டு. எச்.ஆர் உள்ளதைச் சொல்லிவிடுவார். அதோடு அந்த ஒருவரின் வருமானம் கணக்கிலிருந்து போகும்; மேலே போட்ட 30 லட்சக் கணக்கு மறுபடி வந்து நிற்கும்.

மூன்றாவது கட்டத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாங்ஷன் லெட்டர் கைக்கு வந்ததும் கடன் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாங்ஷன் என்பது இந்த நிபந்தனைகளின் பேரில் இவ்வளவு தர ஒப்புக்கொள்கிறோம் என்ற கடிதம் மட்டுமே. பணம் வெளியே வரும் டிஸ்பர்ஸ்மென்ட் தனிக் கட்டம். இடையில் லீகல் பார்க்க வேண்டும், மதிப்பீடு செய்ய வேண்டும், பத்திரப்பதிவுத் தேதி வாங்க வேண்டும். வாரங்கள் ஓடும். விண்ணப்பத்தில் சொன்ன நிலைமை மாறினால் தெரிவிக்கவேண்டும், சாங்ஷனை மறுபரிசீலனை செய்ய வங்கிக்கு உரிமை உண்டு என்று அந்தக் கடிதத்திலேயே பெரும்பாலும் இருக்கும். அந்த இடைவெளியில் ராஜினாமா கொடுத்தால், பதிவு நாளன்று செக் வராமல் போகும் ஆபத்து இருக்கிறது. மனைவி பெயரிலும் கணவர் பெயரிலும் சேர்ந்து வந்த சாங்ஷன் என்பதால் ஒருவர் வேலை மாறினாலும் முழுச் சாங்ஷனும் ஆட்டம் காணும்.

இங்கே என் கருத்து உறுதியானது: மறைக்கவே கூடாது. "பேங்க்குக்குத் தெரியாம டிஸ்பர்ஸ் வாங்கிடுங்க, அப்புறம் யாரு கேக்கப் போறா" என்று சொல்லும் டி.எஸ்.ஏ-க்கள் உண்டு. டி.எஸ்.ஏ என்பவர் வங்கிக்குக் கடன் ஃபைல் பிடித்துக்கொடுத்துக் கமிஷன் வாங்கும் முகவர். கடன் அவர் தலையில் ஏறுவதில்லை. தவறான தகவலின் பேரில் வாங்கிய கடனைத் திரும்பக் கேட்க வங்கிக்கு வழி இருக்கிறது. உங்களோடு கையெழுத்துப் போட்டவரும் சேர்ந்தே மாட்டுவார். புது வேலையின் சேரும் தேதியைப் பதிவுக்குப் பின்னால் தள்ளிக் கேட்பது இதைவிட எவ்வளவோ மேல். மூன்று வாரம் தள்ளிச் சேர்கிறேன் என்றால் ஒப்புக்கொள்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. ஒப்புக்கொள்ளாவிட்டால், புது ஆஃபரையும் பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரையும் வங்கியிடம் நேராகக் காட்டிப் பேசுவதுதான் வழி.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்குப் பணம் தவணை தவணையாக வெளிவரும். முதல் தவணை போனபின் வேலை மாறினால், வட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்வரை பெரும்பாலும் பிரச்சினை எழாது. ஆனாலும் அடுத்த தவணைக்கு முன் வங்கி கேட்டால் புது வேலையின் காகிதங்களைத் தரத் தயாராக இருக்கவேண்டும்.

கான்ட்ராக்ட் என்ற ஒரே பெயரில் மூன்று விதம்

"நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன்" என்று சொல்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது, உங்கள் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதுதான். விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் விதம், ஆள் அனுப்பும் நிறுவனத்தின் பேரோலில் இருந்துகொண்டு பெரிய நிறுவனத்தில் வேலை செய்வது. சென்னை ஐடி வட்டாரத்தில் இது மிக அதிகம். இவருக்குப் பேஸ்லிப் உண்டு, பி.எஃப் உண்டு, ஃபார்ம் 16 உண்டு. காகிதப்படி இவர் சம்பளக்காரர். ஆனால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் ஒரு நிறுவனம், பேஸ்லிப்பில் இன்னொரு நிறுவனம். வங்கி பார்ப்பது பேஸ்லிப்பில் உள்ளதை. வங்கிகள் நிறுவனங்களைத் தரம்பிரித்துப் பட்டியல் வைத்திருக்கின்றன. பேஸ்லிப் நிறுவனம் அதில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பேச்சு அமையும். ஒரே இடத்தில் ஒப்பந்தம் இரண்டு மூன்று முறை புதுப்பிக்கப்பட்டிருந்தால், அந்தக் கடிதங்களை எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். சீட்டுக்காரரின் கேள்விக்கு அதுதான் பதில்.

இரண்டாவது விதம், நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு நியமனம். கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள், அரசு மருத்துவமனைகளின் தொகுப்பூதியச் செவிலியர்கள் போன்றோர் இந்த வகை. பத்து ஆண்டாக அதே இடத்தில் வேலை பார்த்தவருக்கும் உத்தரவு ஆண்டுக்கு ஆண்டுதான் வரும். உழைப்பு நிரந்தரமாக இருந்தும் காகிதம் தற்காலிகமாக இருப்பதால் இவர்கள் கடனுக்கு அலைவது உண்மையிலேயே வருத்தமான விஷயம். இவர்களுக்குப் பலன் தருவது ஆண்டுவாரி உத்தரவுகளின் முழுத் தொகுப்பும், சம்பளம் நேராக வங்கிக் கணக்கில் வந்த நீண்ட வரலாறும்தான்.

மூன்றாவது விதத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இவர் கன்சல்டன்ட். மாதாமாதம் பில் போடுகிறார். நிறுவனம் 10 சதவீதம் டி.டி.எஸ் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது. டி.டி.எஸ் என்பது பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. வீட்டில் இவரும் "சம்பளம் வந்துடுச்சு" என்றுதான் சொல்வார். ஆனால் வருமான வரிப் பதிவுகளில் இது சம்பளம் என்ற தலைப்பில் இருக்காது, தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் இருக்கும். ஆகவே வங்கிக்கு இவர் சுயதொழில் செய்பவர். 3 மாத பேஸ்லிப் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2 அல்லது 3 ஆண்டு வருமான வரிக் கணக்கு வேண்டும். நிரந்தர வேலையை விட்டு ஆறு மாதமாகக் கன்சல்டன்டாக இருப்பவரின் வருமானம், முன்பைவிட இரட்டிப்பாக இருந்தாலும், பெரும்பாலான வங்கிகளில் கணக்கில் சேராமல் போவது இதனால்தான்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்று பலருக்கும் அறிமுகமான ஒரு சலுகை உண்டு. குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள், விரிவான கணக்குப் புத்தகம் வைக்காமல், வந்த மொத்தப் பணத்தில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். ஆண்டுக்கு 12 லட்சம் பில் போடும் கன்சல்டன்ட் 6 லட்சத்தை வருமானமாகக் காட்டுகிறார். பிடித்த டி.டி.எஸ்ஸில் பெரும்பகுதி திரும்ப வருகிறது, மகிழ்ச்சி. இரண்டு ஆண்டு கழித்து வீட்டுக்கடனுக்குப் போகிறார். "மாசம் ஒரு லட்சம் வருதுங்க" என்கிறார். வங்கி எடுத்துப் பார்க்கும் வரிக் கணக்கில் மாதம் 50,000 தான் இருக்கிறது. சட்டப்படி அவர் செய்தது சரியே. ஆனால் வரிக்குக் குறைவாகக் காட்டிய அதே எண் கடனுக்கும் எண்ணாகிவிடுகிறது. பாதிக்கும் அதிகமாக, உண்மையில் மிஞ்சியதைக் காட்டவும் அந்த முறையில் இடம் உண்டு. வரி கூடும், கடன் தகுதியும் கூடும். இரண்டு ஆண்டுக்குள் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், இதை ஆடிட்டரிடம் கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே பேசவேண்டும்.

சுருக்கமாக: பி.எஃப், ஃபார்ம் 16 இருக்கும் கான்ட்ராக்ட் ஏறக்குறைய சம்பளம். உத்தரவு புதுப்பித்து ஓடும் கான்ட்ராக்ட்டுக்கு வரலாறுதான் பலம். பில் போடும் கான்ட்ராக்ட் வங்கிக்குச் சுயதொழில்.

முதல் விண்ணப்பதாரர் யார்?

இதற்கு அதிகம் குழம்பவேண்டாம். யாருடைய வருமானக் காகிதம் உறுதியாக இருக்கிறதோ அவர் பெயரை முன்னால் போடுவது வழக்கம். பெண் முதல் விண்ணப்பதாரராகவோ உரிமையாளராகவோ இருந்தால் வட்டியில் சிறு சலுகை தரும் வங்கிகள் உண்டு. பெயர் எந்த வரிசையில் இருந்தாலும் பொறுப்பு இருவருக்கும் முழுதாகவே இருக்கும்.

கையில் இருக்கும் வழிகள்

மேலே சொன்ன தம்பதியையே எடுத்துக்கொள்வோம். கணவரின் கார் கடனில் இன்னும் 1 லட்சம் பாக்கி இருந்தால், லாகினுக்கு முன் அதை அடைத்துவிட்டால் மாதம் 9,000 விடுபடும். அந்த 9,000 சுமார் 10 லட்ச ரூபாய் வீட்டுக்கடனைத் தாங்கும். 1 லட்சத்தை அடைத்து 10 லட்சத் தகுதி வாங்குவது நல்ல பேரம். அடைத்தபின் பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்றிதழை வாங்கி ஃபைலில் சேர்க்கவேண்டும். கடன் தகவல் அறிக்கையில் மாற்றம் ஏறச் சில வாரம் ஆகும்.

அடுத்தது கடன் காலம். 20 ஆண்டுக்குப் பதில் 30 ஆண்டு கேட்டால் ஒரு லட்சத்துக்கான தவணை 868-லிருந்து சுமார் 769 ஆகக் குறையும். "முப்பது வருஷமா? வட்டியே வீட்டு விலைக்கு மேல போயிடுமே" என்று பெரியவர்கள் பதறுவார்கள். பதறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே கட்டினால் அபராதம் வசூலிக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கான்ட்ராக்ட் ஓடும் மாதங்களில் கூடுதலாகக் கட்டி அசலைக் குறைத்துக்கொண்டே வரலாம். கான்ட்ராக்ட் நின்றுபோன மாதம் குறைந்த தவணையை மட்டும் கட்டினால் போதும். ஒருவர் கான்ட்ராக்டில் இருக்கும் குடும்பத்துக்கு, நிலையான ஒரு சம்பளத்திலேயே தவணை அடங்கும்படி கடனை அமைத்துக்கொள்ளச் சொல்வேன். வங்கி 56 லட்சம் தர ஒப்புக்கொண்டாலும், அந்தத் தவணையைக் கட்ட இரண்டு சம்பளமும் மாதம் தவறாமல் வந்தாக வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

பத்திரத்திலும் கடனிலும் ஒருவர் பெயர் மட்டும் இருக்கட்டும் என்பதும் ஒரு வழிதான். அப்போது மற்றவரின் கார் கடன் கணக்கில் வராது. ஆனால் வீட்டில் அவருக்கு உரிமையும் இருக்காது. பத்து லட்ச ரூபாய்த் தகுதிக்காகச் சொத்துரிமையை விட்டுக்கொடுப்பது, குறிப்பாக மனைவியின் பெயரை எடுத்துவிடுவது, எனக்கு ஒப்புதல் இல்லாத யோசனை. அவருடைய நகையும் சேமிப்பும் அந்த வீட்டுக்குள் போயிருக்கும்.

பில்டரிடம் அட்வான்ஸ் கட்டும் ஒப்பந்தத்தில், கடன் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பத் தரப்படும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

கடன் ஓடத் தொடங்கிய பிறகு

பணம் முழுதும் வெளியே வந்து தவணை ஓடத் தொடங்கிவிட்டால், வேலை மாறியதற்காக யாரும் கடனைத் திரும்பக் கேட்கப்போவதில்லை. தவணை தேதியில் கணக்கில் பணம் இருந்தால் போதும். சம்பளக் கணக்கு அதே வங்கியில் இருப்பதற்காக வட்டியில் சலுகை பெற்றிருந்தால் மட்டும், புது நிறுவனம் வேறு வங்கியில் சம்பளம் போடும்போது அந்தச் சலுகை நிற்குமா என்று பார்க்கவேண்டும். டாப்-அப் (அதே வீட்டின் பேரில் கூடுதல் கடன்) கேட்டாலோ வேறு வங்கிக்குக் கடனை மாற்றினாலோ மேலே சொன்ன கணக்கு எல்லாம் முதலிலிருந்து ஓடும். அன்றைக்கு யார் கான்ட்ராக்டில் இருக்கிறார்கள் என்பது மறுபடி கேள்வியாகும்.

இவ்வளவும் படித்துவிட்டு வங்கிக்குப் போகிறவர் ஃபைல் லாகின் ஆகும் முன் மேலாளரிடம் மெயிலில் கேட்டு வாங்கவேண்டியவை இவை: எங்கள் இருவரில் இன்னாருடைய வருமானத்தைச் சேர்ப்பீர்களா, சேர்த்தால் முழுதாகவா ஒரு பகுதியா, சேர்க்க இன்னும் எத்தனை மாத பேஸ்லிப் அல்லது எத்தனை ஆண்டு வரிக் கணக்கு வேண்டும், சேர்க்காவிட்டால் அவருடைய கடன்களைக் கழிப்பீர்களா? பதில் வந்தபிறகு ப்ராசஸிங் ஃபீ கட்டுங்கள். கட்டிய ஃபீ பெரும்பாலும் திரும்ப வராது.